பெட்டி மூலைக்கு மர ஆணி செய்யுறது எப்படி
தேக்குப் பெட்டி மூலையில கருப்பா ஈட்டி (ரோஸ்வுட்) மர ஆணி தெரிஞ்சா அந்த அழகே தனிங்க, கடையில விக்கிற ரெடிமேட் குச்சி அதுக்கு ஈடாகாது.

முதல்ல 6 மிமீ தடிமன் இரும்புத் தகட்டுல 8, 7, 6 மிமீன்னு மூணு ஓட்டை போட்டு வச்சுக்கோங்க. ஈட்டித் துண்டை ரம்பத்தால அறுக்காதீங்க, உளியை வச்சுத் தட்டிப் பிளங்க, ஏன்னா பிளந்தாதான் நார் நேரா போகும், அறுத்த குச்சியில நார் குறுக்க ஓடிச்சுன்னா அடிக்கும்போதே பட்டுன்னு ஒடிஞ்சிடும். சுமார் 9 மிமீ சதுரக் குச்சியோட முனையைக் கூர்மையாக்கி பெரிய ஓட்டையில இருந்து சின்னது வரைக்கும் வரிசையா சுத்தியலால அடிச்சு இறக்குங்க, குச்சி 6 மிமீ உருண்டை ஆணியா வந்துடும். மரம் நல்லா காஞ்சிருக்கணும், ஈர மரம்னா பின்னாடி சுருங்கி லூஸாயிடும்.

பெட்டியில மூலை ஒட்டிக் காஞ்சதும் 6 மிமீ டிரில் பிட்டால 25 மிமீ ஆழம் துளை போடுங்க. ஆணியோட பக்கவாட்டுல கத்தியால ஒரு கோடு கீறிடுங்க, இல்லன்னா பசை வெளிய வர வழியில்லாம மரமே விரிசல் விடும். பசையைத் துளைக்குள்ள கொஞ்சமா தடவி அடிங்க, சத்தம் கெட்டியா மாறினதும் நிறுத்திடணும்.

மிச்சத்தை அறுக்கும்போது ரம்பத்துக்கு அடியில ஒரு அட்டை வைங்க, பெட்டியில கீறல் விழாது. அப்புறம் உப்புத்தாள் போட்டு எண்ணெய் தடவுங்க, அப்பதான் அந்தக் கருப்பு நல்லா எடுப்பா தெரியும்.