கத்தோலிக்கத் திருமணத்துக்கு வயதைச் சரிபார்ப்பது எப்படி?

"பையனுக்கு 16, பெண்ணுக்கு 14 முடிந்தால் கோயிலில் கல்யாணம் வைக்கலாம், திருச்சபைச் சட்டமே சொல்லுது" என்று யாராவது சொன்னால் அதை நம்பி நாள் குறிக்காதீர்கள். எண்கள் சரிதான், 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1083ஆவது விதியில் இருக்கின்றன. சீரோ மலபார் போன்ற கீழைத் திருச்சபைகளுக்கான தொகுப்பிலும் இதே வயதுதான். ஆனால் அந்த வயதுக்குக் கீழே நடந்தால் அது திருமணமே ஆகாது என்பதற்குத்தான் அந்தக் கோடு. அதைத் தாண்டிவிட்டால் சாமியார் முடித்து வைத்தே தீர வேண்டும் என்று எங்கும் இல்லை. அதே விதி, ஆயர் பேரவைகள் தங்கள் நாட்டில் வயதை உயர்த்திக்கொள்ளவும் இடம் தருகிறது. ஸ்பெயினில் 18 ஆக்கியிருக்கிறார்கள்.

இந்தியாவில் நீங்கள் பார்க்க வேண்டிய வயது ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, நடத்தி வைப்பவருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அரசுச் சட்டப்படி நடத்த முடியாத திருமணத்தை ஆயர் அனுமதி இல்லாமல் நடத்தக் கூடாது என்று திருச்சபையின் 1071ஆவது விதியும் சொல்கிறது. ஆகவே பங்குத்தந்தை மறுத்தால் அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் சரியாகத்தான் செய்கிறார்.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்கக் கொடுப்பதற்கு முன்பே பிறப்புச் சான்றிதழ், திருமுழுக்குச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிறந்த தேதியைப் பாருங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக அப்பா அம்மா தேதியை மாற்றிச் சொல்லியிருப்பார்கள், அல்லது திருமுழுக்குக் கொடுத்த தேதியையே பிறந்த தேதி என்று யாரோ எழுதியிருப்பார்கள், கடைசி வாரத்தில் அது தெரிந்தால் எல்லோருக்கும் மன உளைச்சல். வித்தியாசம் இருந்தால் முதலிலேயே பங்கு அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். பழைய பதிவேட்டில் நினைத்தவுடன் யாரும் திருத்த மாட்டார்கள்.

அப்புறம் இன்னொன்று, திருச்சபைச் சட்டத்தில் பிறந்த அன்றைய தினம் கணக்கில் சேராது, அதனால் அந்த ஆண்டின் பிறந்த நாள் முழுவதும் கழிந்த பிறகுதான் வயது முடிந்ததாகப் பொருள். 18ஆவது பிறந்த நாளன்றே கல்யாணம் என்று ஆசைப்படாமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

எனக்கு ரொம்பக் கவலை தருவது 15, 16 வயதுப் பெண்ணை எங்காவது அழைத்துப் போய் தாலி கட்ட வைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள்தான். அந்தப் பெண் 20 வயது முடிவதற்குள் நீதிமன்றத்தில் மனு போட்டு அந்தத் திருமணத்தை ரத்து செய்ய அரசுச் சட்டம் வழி தருகிறது, ஆனால் அது கோயிலில் நடந்திருந்தால் திருச்சபைக் கணக்கில் அது தானாக முடிந்துவிடாது, மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்துக்குத் தனியாகப் போக வேண்டும். கட்டாயப்படுத்தியோ பயமுறுத்தியோ வாங்கிய சம்மதம் செல்லாது என்று 1103ஆவது விதி இருக்கிறது, அதைச் சொல்லி அங்கே வழக்கு வைக்கலாம்.

இதைப் படிக்கிற உனக்கே அந்த நிலைமை என்றால், திருமணத்துக்கு முன் சாமியார் மணமக்களை விசாரிப்பார், "தனியாகப் பேசணும்" என்று கேட்டு வீட்டில் வற்புறுத்துகிறார்கள் என்று சொல்லிவிடு. அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு இப்போதே போன் செய், இலவசம்தான்.