ஸோன் வந்துவிட்டது, சரி, அப்புறம்?

மூலிகைச் சாறு சோதனை நடக்கும் ஆய்வகத்தில் காலையில் கேட்கும் முதல் கேள்வி, "ஸோன் வந்துச்சா?" பாக்டீரியாவைத் தடவிய அகார் (பாக்டீரியா வளரும் கூழ்) தட்டில் குழி போட்டு, சாற்றை ஊற்றி, ஓர் இரவு இன்குபேட்டரில் வைக்கிறோம். மறுநாள் குழியைச் சுற்றி எதுவும் வளராத தெளிந்த வட்டம் இருந்தால் அதுதான் ஸோன். ஊட்டியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எம்.எஸ்சி. மாணவர்களோடு இந்தத் தட்டுகளைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது: வட்டம் வருவது எளிது, அது இலையால்தான் வந்தது என்று காட்டுவதுதான் பாடு.

முதலில் மலைக்கே உரிய ஒரு தவறு. நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது சமவெளிக் கணக்கு. ஆட்டோகிளேவின் முள் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அழுத்தம் கூடுதல் என்பதை மட்டுமே. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே மெலிந்தது. தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும். அதனால் இங்கே முள் 15-ல் நின்றால் உள்ளே ஏறக்குறைய 117 டிகிரிதான். 121 வேண்டுமென்றால் முள் 18.5 பவுண்டு வரை போக வேண்டும். குக்கர் மாதிரியான சின்ன ஆட்டோகிளேவில் அதைச் செய்யாதீர்கள், அதன் சேஃப்டி வால்வு அதற்கானதல்ல. நேரத்தைக் கூட்டுங்கள், ஸ்போர் பட்டை (சூட்டைத் தாங்கும் பாக்டீரியா வித்துகள் பூசிய காகிதம்; கிருமி நீக்கம் சரியென்றால் அவை சாகும்) வைத்துச் சரிபாருங்கள். நாங்கள் முதல் தடவை வைத்த பட்டை உயிரோடு திரும்பி வந்தது. அதுவரை தட்டில் முளைத்த வேண்டாத பாக்டீரியாவுக்கெல்லாம் மாணவர்களின் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது உலர்த்தல். நிழலில் ஒரு வாரம் உலர்த்தவும் என்று எழுதியவர் ஊட்டியின் ஜூலை மாதத்தைப் பார்த்திருக்க மாட்டார். மூடுபனியில் இலை காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். பெனிசிலின் வந்ததே பூஞ்சணத்திலிருந்துதான். அப்படிப்பட்ட இலை கொடுக்கும் ஸோன் யாருடையது? 40 டிகிரி சூட்டு அடுப்பில் உலர்த்துவதே மேல்.

செடியின் பெயரிலும் ஏமாறலாம். கடையில் மரமஞ்சள் என்று கேட்டால் ஒருவர் காஸ்சினியம் கொடியின் தண்டைத் தருவார், இன்னொருவர் பெர்பெரிஸ் செடியின் கட்டையைத் தருவார். இரண்டும் மஞ்சள், இரண்டிலும் பெர்பெரின் உண்டு, ஆனால் செடி வேறு. பூவோடு கூடிய கிளையைக் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவன உலர்தாவரக் காப்பகத்தில் காட்டி அடையாளம் உறுதிசெய்யுங்கள். காட்டுக்குள் பறிப்பதென்றால் வனத்துறை அனுமதி வாங்கியாக வேண்டும்.

சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானே பாக்டீரியாவை அடக்கலாம். அது மட்டும் ஊற்றிய ஒரு குழி ஒவ்வொரு தட்டிலும் இல்லாவிட்டால் அந்தத் தட்டைப் படிக்கவே வேண்டாம். அகார் 4 மில்லிமீட்டர் கனம் சீராக இருக்க வேண்டும். மெல்லிய இடத்தில் வட்டம் பெரிதாகும். மேசை சாய்ந்திருந்தால் ஒரே தட்டில் ஒரு பக்கத்துச் சாறு "வீரியம்" கூடிவிடும்.

இங்கே யாருக்கும் முதலில் கையில் கிடைப்பது நீலகிரித் தைலம். அதை மற்றச் சாறுகளோடு ஒரே தட்டில் வைத்துவிடுவார்கள். தைலம் ஆவியாகிற சரக்கு. மூடிய தட்டுக்குள் அதன் ஆவி பக்கத்துக் குழிகள் வரை பரவும். எதற்கும் உதவாத சாறுகூட அன்றைக்கு நல்ல பெயர் வாங்கிவிடும். தைலத்துக்குத் தனித் தட்டு.

எனக்கு அதிகம் எரிச்சல் தரும் வரி ஒன்று உண்டு: "எங்கள் சாறு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு இணையானது." ஒப்பிட வைக்கும் சிப்ரோ காகித வட்டில் இருப்பது 5 மைக்ரோகிராம். குழியில் ஊற்றியது 10 மில்லிகிராம் சாறு, அதாவது 2,000 மடங்கு. வட்டத்தின் அளவு மருந்தின் வலிமையை மட்டும் சொல்வதில்லை, அகாரில் அது எவ்வளவு தூரம் ஊறிப் பரவுகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள நல்ல பொருள் குழியை விட்டு நகராமலே போகலாம். ஆகவே பாக்டீரியா வளரும் திரவ ஊடகத்தில் சாற்றைப் படிப்படியாக நீர்க்கவைத்து, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவான எம்ஐசியைக் காண வேண்டும். அங்கும் ஒரு பொறி உண்டு. உயிருள்ள பாக்டீரியா இருந்தால் ரெசசூரின் சாயம் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும், ஆனால் சில இலைச் சாறுகள் பாக்டீரியாவே இல்லாமலும் அதை மாற்றிவிடும். பாக்டீரியா சேர்க்காத வரிசை ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஒரே தட்டில் மூன்று குழி போட்டால் அது மூன்று சோதனை ஆகாது. வேறு வேறு நாளில், புதிதாக வளர்த்த பாக்டீரியாவில் செய்ய வேண்டும். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கு ஸோன் வராவிட்டால் கலங்க வேண்டாம். அதன் வெளிச்சவ்வு பல தாவரப் பொருள்களை உள்ளே விடுவதில்லை.

கடைசியாக, "பழங்குடி மக்களின் வைத்தியம் நிரூபணமானது" என்று எழுதுமுன் ஒன்றைப் பாருங்கள். ஊரில் பாட்டி கொடுப்பது தண்ணீரில் கொதிக்கவைத்த கஷாயம், நாம் சோதித்தது மெத்தனாலில் ஊறவைத்த சாறு. கஷாயத்தையும் அதே தட்டில் வையுங்கள். ஸோன் வராவிட்டால் அதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள்.