சாக்ஸபோன் ரீடைத் தேய்த்துச் சரிசெய்வது எப்படி?

சாக்ஸபோனின் வாய்வைக்கும் பகுதியான மவுத்பீஸில் மாட்டும் மெல்லிய நாணல் பட்டைதான் ரீட்; அது அதிர்ந்துதான் நாதம் வரும். பெட்டியில் பத்து ரீட் இருந்தால் மூன்றோ நான்கோதான் நன்றாகப் பேசும். மீதியைத் தூக்கிப் போடுமுன் ஒரு அரை மணி நேரம் கொடுத்துப் பாருங்கள். நாதஸ்வரக்காரர்கள் சீவாளியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இரண்டும் நாணல் இனம்தானே.

ஒரு கண்ணாடித் துண்டு, 600 எண் வாட்டர் பேப்பர் (நைசான உப்புத்தாள்), பென்சில், சுவரில் போஸ்டர் ஒட்டும் ப்ளூ டாக். இவ்வளவு போதும். கத்தி இப்போதைக்கு வேண்டாம். சீவியது திரும்ப வராது.

1. ரீடைத் தண்ணீரில் இரண்டு நிமிடம் நனைத்து மாட்டுங்கள். ஊதக் கனமாக இருக்கிறதா? மவுத்பீஸ் முனையிலிருந்து ஒரு முடியளவு கீழே இறக்குங்கள், இளகும். சவசவவென்று இருந்தால் முடியளவு மேலே ஏற்றுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

2. நனைந்த ரீடின் அடிப்பக்கம் லேசாக வளைந்துகொள்ளும். வளைந்தால் மவுத்பீஸில் படியாது, காற்று கசியும், கீச்சிடும். ரீடை உலரவிட்டு, கண்ணாடிமேல் தாளை விரித்து அடிப்பக்கத்தை நீளவாக்கில் பத்துத் தடவை தேயுங்கள். நுனி தாளுக்கு வெளியே நிற்கட்டும். அது ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம்தான்.

3. இதுதான் முக்கியம். மவுத்பீஸை வாயில் லேசாக ஒரு பக்கம் திருப்பி ஊதுங்கள். உதடு ஒரு ஓரத்தை அமுக்கிவிடும், மற்ற ஓரம் மட்டும் பேசும். அப்புறம் மறுபக்கம் திருப்புங்கள். எந்த ஓரம் திணறுகிறதோ அதற்கு நேரே, நுனிக்கு எதிர்முனையில் பட்டையிருக்கும் பகுதியில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். கழற்றிக் கையில் எடுத்ததும் இடமா வலமா என்று குழம்புவது நிச்சயம். நான் நல்ல ஓரத்தைத் தேய்த்து இரண்டு ரீடைக் கெடுத்திருக்கிறேன். புள்ளியுள்ள பக்கம், நுனிக்குச் சற்றுக் கீழே சரிவில், மடித்த தாளால் மூன்றே இழுப்பு. ஊதிப் பாருங்கள். தேவையானால் இன்னும் மூன்று.

வெளிச்சத்தில் பிடித்தால் ரீடின் நடுவே இருண்ட ஒரு திட்டு தெரியும். அதைத் தொடாதீர்கள். அங்கே தேய்த்தால் நாதத்தின் கனமே போய்விடும்.

4. மவுத்பீஸை அரத்தால் ராவும் ஆசை வரும், வேண்டாம். செல்மர் எஸ்80 சி ஸ்டார் ஆல்டோ மவுத்பீஸின் முனைத் திறப்பு, அதாவது ரீட் நுனிக்கும் மவுத்பீஸ் முனைக்கும் உள்ள இடைவெளி, 1.70 மி.மீ.; மேயர் 5-இல் ஏறத்தாழ 1.80. பத்தில் ஒரு மி.மீ. கூடினாலே ஊதும் விதம் மாறிவிடும். பதிலாக, ப்ளூ டாக்கை நெல்மணியளவு உருட்டி, மவுத்பீஸுக்குள் மேற்கூரையில், முனையிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தட்டையாக ஒட்டுங்கள். கூரை தடித்தால் காற்று போகும் வழி குறுகும், நாதம் கூர்மையாகும். காதைக் குத்தினால் எடுத்துவிடலாம். நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று ஊதுமுன் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ஒட்டிய பிசுக்கைக் கழுவ வெந்நீர் வேண்டாம். எபோனைட் (கெட்டி ரப்பர்) மவுத்பீஸ் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறி, கந்தக நாற்றம் அடிக்கும். என்னுடைய முதல் மவுத்பீஸ் இன்னும் அந்த நிறத்தில்தான் அலமாரியில் இருக்கிறது.