ரிஜிட் டேப்பிங்கில் டேப் உடைகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

விஎம்சி (ஸ்பிண்டில் செங்குத்தாக நிற்கும் சிஎன்சி மெஷின்) ஓட்டப் புதிதாக வரும் பையன்களைப் பார்க்கிறேன். நாங்கள் பழகிய காலத்தில் செய்த கோளாறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். ட்ரில் சைஸ் தப்பு, ரிஜிட் டேப்பிங்குக்கான எம்29 கோடைப் போட மறப்பது எல்லாம் ஒரு டேப் உடைந்தால் தானாகப் புரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். ரிஜிட் டேப்பிங் என்றால், த்ரெட் வெட்டும் டேப்பைச் சுற்றும் ஸ்பிண்டிலும் அதை மேலும் கீழும் நகர்த்தும் இசட் ஆக்ஸிஸும் ஒரே கணக்கில் போக வேண்டும். அவை ஒத்துப்போகாத சிக்கல்தான் இங்கே பேச்சு. கன்ட்ரோல், அதாவது மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர், ஃபனுக் கம்பெனியுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லிமிட்டை ஏற்றி அலாரத்தை அடக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

ரிஜிட் டேப்பிங்கில் ஸ்பிண்டில் சும்மா சுற்றுவதில்லை, அதுவும் ஓர் ஆக்ஸிஸ் மாதிரிதான். எம்8 டேப் ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. இறங்கியாக வேண்டும், அடியில் நின்று திரும்பும்போதும் அதே கணக்கு. ஸ்பிண்டில் இருக்க வேண்டிய இடத்துக்கும் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கன்ட்ரோல் பார்த்துக்கொண்டே இருக்கும். சுற்றும்போது அது லிமிட்டைத் தாண்டினால் 741 அலாரம்.

ஒரு ஷாப்பில் இந்த அலாரம் அடிக்கடி வந்தது. யாரோ போனில் சொன்னார்களாம், அந்த லிமிட் இருக்கும் 5311 பாராமீட்டரை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். அலாரம் நின்றது, சூப்பர்வைசருக்கும் சந்தோஷம். அப்புறம் சில ஹோல்களில் நோ-கோ கேஜ் (சரியான த்ரெட்டில் நுழையக் கூடாத கேஜ்) நுழைய ஆரம்பித்தது. டேப் பழசு என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில் இஎன்24 அலாய் ஸ்டீல் பிளாக் ஒன்றில், மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு, அடி மூடிய எம்6 பிளைண்ட் ஹோலில் டேப் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. ஸ்பார்க் எரோஷன் மெஷினில் கொடுத்து எடுத்தார்கள். த்ரெட் போச்சு, பீஸ் ரிஜெக்ட். மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பிண்டில் பெல்ட்டில் எண்ணெய் படிந்து வழுக்கிக்கொண்டிருந்தது.

அலாரம் வந்தால் முதலில் அதே புரோகிராமை வேலைத்துண்டுக்கு மேலே, காற்றில் ஓட்டுங்கள். அங்கேயும் வந்தால் டேப்பைக் குறை சொல்லாதீர்கள். மெயின் பெல்ட்டின் டென்ஷனையும் ஸ்பிண்டில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சென்சாரான பொசிஷன் கோடரின் பெல்ட்டையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், அந்த வேகத்துக்கு முடுக்க நேரம் போதவில்லையா என்று யோசியுங்கள். அது 5261-லிருந்து தொடங்கும் பாராமீட்டர்களில் இருக்கிறது. உலோகத்தில் மட்டும் வந்தால் மழுங்கிய டேப், சிறிய ஹோல், அடைத்த சிப். சுமை ஏறினால் மட்டும் வழுக்கும் பெல்ட்டும் உண்டு, அதையும் மறக்க வேண்டாம்.

வேகத்தைப் பாதியாக்கியும் பாருங்கள். டயக்னோஸ்டிக் திரையில் வித்தியாசமும் கூடவே சீராகக் குறைந்தால் அது இயல்பு. திரும்பும் இடத்தில் மட்டும் எகிறினால் மெக்கானிக்கலாகத் தேடுங்கள்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சில மெஷின்களில் ஸ்பிண்டிலுக்குத் தனி பொசிஷன் கோடர் கிடையாது, மோட்டாருக்குள் இருக்கும் சென்சாரை வைத்துத்தான் கணக்கு. அங்கே பெல்ட் வழுக்கினால் அலாரமே வராது. டேப் உடைந்துதான் தெரியும்.

ஓவர்ரைடைக் குறைத்துச் சோதிப்பது

டேப் இறங்கும்போது பேனலில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஓவர்ரைட் குமிழுக்கு வேலை இல்லை, 100 சதவீதத்தில்தான் போகும். புரோகிராமில் வேகத்தையும் (எஸ்) ஃபீடையும் (எஃப்) சேர்த்து மாற்றுங்கள். எம்8-க்கு எஸ்400, எஃப்500 என்றால் அடுத்தது எஸ்200, எஃப்250.

ஃப்ளோட்டிங் ஹோல்டர் போட்டுச் சமாளிப்பது

வித்தியாசத்தை ஹோல்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் விழுங்கிக்கொள்ளும். கோளாறு அங்கேயேதான்.

புல்லியை மாற்றிவிட்டுப் பல் எண்ணாமல் ஓட்டுவது

எண்ணுங்கள். பல் எண்ணிக்கை மாறினால் ஸ்பிண்டில் கணக்கும் மாறிவிடும்.

பாதியில் நின்றால் இசட்டை மேலே ஜாக் செய்வது

ரீசெட்டோ கரண்ட் கட்டோ, டேப் உள்ளே மாட்டிக்கொண்டால் கை நேராக ஆக்ஸிஸை நகர்த்தும் ஜாக் பட்டனுக்குப் போகக் கூடாது. த்ரெட்டும் டேப்பும் சேர்ந்து போகும். உங்கள் மெஷினில் டேப்பைத் திருப்பிச் சுற்றி வெளியே எடுக்கும் ரிட்ராக்ட் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் டேப்பைப் பிடித்திருக்கும் காலெட் நட்டைத் தளர்த்தி, டேப்பை வேலைத்துண்டிலேயே விட்டுவிட்டு இசட்டைத் தூக்குங்கள். பிறகு டேப் ரெஞ்ச் போட்டுக் கையால் திருகி எடுத்துக்கொள்ளலாம்.