டிரெய்னரின் பழைய ஜாக்கி கணக்கை எப்படிப் படிப்பது?

தடை தாண்டும் குதிரை ரேஸ் பார்க்க ஆரம்பித்த பலரும் ஒரு டிரெய்னரின் பெயரைத் தேடுவார்கள், அந்தக் காலத்தில் ஜாக்கியாக எத்தனை ஜெயித்தார் என்று பார்ப்பார்கள், நூற்றுச் சொச்சம்தான் என்றதும் "சுமாரான ஆள் போல" என்று மூடிவிடுவார்கள். அந்த எண்ணைக் கடைசியில் பாருங்கள். இங்கிலாந்தின் டிரெய்னர் பால் நிக்கல்ஸை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், சவாரியை ஏன் விட்டார்? இந்த ரேஸ்களில் குதிரை சுமக்கும் குறைந்த எடை, சேணத்தையும் சேர்த்து, சுமார் 64 கிலோ. நல்ல உயரமும் எலும்புக்கட்டும் உள்ளவருக்கு அந்தக் கணக்கில் நிற்பது தினசரி அரைப்பட்டினிதான். நிக்கல்ஸுக்கு அந்த உடல்வாகு. போதாததற்கு ஒரு குதிரை உதைத்துக் கால் உடைந்து, 1989-ல் எல்லாம் முடிந்தது. திறமை தீர்ந்து ஒதுங்குவது வேறு, உடம்பு ஒத்துழைக்காமல் ஒதுங்குவது வேறு.

அப்புறம், எந்தக் குதிரையில் ஏற்றினார்கள் என்று பாருங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். நியூபரி மைதானத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடும், அப்போது ஹென்னஸி கோல்ட் கப் எனப்பட்ட பெரிய ரேஸை 1986-ல் பிராட்ஹீத், 1987-ல் பிளேஸ்கூல் என்ற குதிரைகள்மேல் அடுத்தடுத்து ஜெயித்தவர் அவர். அதே 1987-ல் பிளேஸ்கூல்மேல் வெல்ஷ் நேஷனல் என்ற ரேஸும் வந்தது. இரண்டுமே டேவிட் பேரன்ஸ் என்ற டிரெய்னரின் லாயத்துக் குதிரைகள். மொத்த வெற்றி 130 சொச்சம்தான் என்றாலும், லாயத்தின் சிறந்த குதிரையை ஒருவர் கையில் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

மூன்றாவது, சவாரிக்கும் டிரெய்னர் லைசென்ஸுக்கும் நடுவில் என்ன செய்தார். நிக்கல்ஸ் அதே பேரன்ஸிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1991-ல் அந்த லாயத்தின் சீக்ரம் என்ற குதிரை கிராண்ட் நேஷனல் ரேஸை ஜெயித்தது. அதே வருடம் சாமர்செட்டின் டிச்சீட் கிராமத்தில், பால் பார்பர் என்ற பால்பண்ணைக்காரரின் இடத்தில் தனியாகத் தொடங்கினார். போலீஸ்காரர் மகன், குதிரைக் குடும்பம் கிடையாது. ஆக, இந்த இடைக்காலம்தான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

உடனே பலன் தேடாதீர்கள். செல்ட்னம் கோல்ட் கப் என்ற பெரிய ரேஸ் சீ மோர் பிசினஸ் என்ற குதிரை மூலம் வந்தது 1999-ல். சீசனில் அதிகப் பரிசுப்பணம் ஜெயித்த டிரெய்னருக்குத் தரும் சாம்பியன் டிரெய்னர் பட்டம் முதலில் கிடைத்தது 2005-06 சீசனில். காட்டோ ஸ்டார், டென்மன் என்ற புகழ்பெற்ற குதிரைகள் எல்லாம் அதையொட்டி வந்த கதை. 2023 வரை 14 பட்டங்கள்.

சரி, இது எல்லோருக்கும் பொருந்துமா? பொருந்தாது. அவருக்கு முன் 15 முறை சாம்பியனான மார்ட்டின் பைப், சவாரியில் சொல்லும்படி எதுவும் செய்யாதவர், பந்தயப் புக்கியின் மகன். அப்படிப்பட்டவர்களுக்கு முதல் இரண்டு கேள்விகளை விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள்.