சுரண்டிப் பார்க்காமல் போடும் ஊசி

டெல்டாவில் ஐப்பசி அடைமழை பிடித்தால் நாய், பூனைகளின் தோல் வியாதியும் கூடவே பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் என் கிளினிக்குக்குப் பழக வரும் இளம் மருத்துவர்கள், ஒரு காலத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அவர்களும் வளர்ப்பவர்களும் செய்யும் அந்தத் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நமக்கு வாங்கிய ஷாம்பு நாய்க்கு ஆகாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

முதல் நாளே ஸ்டீராய்டு

இது மட்டும் இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

பாபநாசம் பக்கமிருந்து ஒரு லேப்ரடார் குட்டியைக் கொண்டுவந்தார்கள். ஆரம்பத்தில் கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் காசளவுக்கு முடி உதிர்ந்திருக்கிறது. "சொறியவே இல்லை சார், முடிதான் கொட்டுது" என்று வீட்டுக்காரம்மா முதலில் காட்டிய கிளினிக்கிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அரிப்பே இல்லாத குட்டிக்கு அரிப்பை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்கள். சிவப்பு அடங்கியது, எல்லாருக்கும் சந்தோஷம். திரும்ப வந்ததும் திரும்ப ஊசி. என்னிடம் வந்தபோது நாலு பாதமும் வீங்கி, விரலிடுக்கில் சீழும் ரத்தமும் கசிந்துகொண்டிருந்தது.

டெமோடெக்ஸ். முடிக்கால்களுக்குள் வாழும் சிற்றுண்ணி இது. பால் குடிக்கும் முதல் சில நாட்களிலேயே தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடும். நல்ல ஆரோக்கியமான நாயிடமும் கொஞ்சம் இருக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைப் பெருகவிடாமல் வைத்திருக்கும். ஸ்டீராய்டு அடக்குவது அந்தச் சக்தியைத்தான். மேலே சிவப்பு குறைகிறது, உள்ளே உண்ணி பெருகுகிறது. அப்புறம் பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டால் ஆன்டிபயாட்டிக், குளியல், மாதக்கணக்கில் மாத்திரை என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

இத்தனையையும் தவிர்க்கத் தேவைப்படுவது ஒரு பிளேடு, ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின், ஒரு கண்ணாடிச் சில்லு (ஸ்லைடு). தோலை இரண்டு விரலால் மடித்து நன்றாகப் பிதுக்குங்கள். உண்ணி ஆழத்தில் இருப்பதால் பிதுக்காமல் சுரண்டினால் கிடைக்காது. முடி படிந்திருக்கும் திசையிலேயே, மழுங்கிய பிளேடால், பொடிப் பொடியாக ரத்தம் துளிர்க்கும் வரை சுரண்ட வேண்டும். இரண்டு மூன்று இடத்தில் எடுங்கள். மைக்ரோஸ்கோப்பில் வெளிச்சத்தைக் குறைத்து, சிறிய லென்ஸிலேயே பாருங்கள். சுருட்டு மாதிரி நீண்ட உடம்பு, முன்பக்கம் மட்டும் எட்டுக் குட்டைக் கால்கள். உயிரோடிருந்தால் கால்கள் அசையும். அந்தக் குட்டியின் சில்லில் பார்த்த இடமெல்லாம் அதுதான் இருந்தது. பாதம் வீங்கிச் சுரண்ட முடியாத நாய்க்கு, பத்திருபது முடியை வேரோடு பிடுங்கிப் பாரஃபினில் வைத்துப் பார்க்கலாம்.

ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையில் வாலடியைக் கடித்துக் குதறிக்கொள்ளும் நாய்க்கு அது பெரிய நிம்மதி. ஆனால் என்ன வியாதி என்று தெரிந்த பிறகு போட வேண்டும். அதிலும் பல வாரம் உடம்பில் நிற்கும் ஊசியைப் போட்டுவிட்டால் அடுத்து பார்ப்பவருக்குக் கண்ணைக் கட்டியதுபோல்தான். உணவு ஒவ்வாமையா என்று சோதிக்க எட்டு வாரம் ஒரே உணவு கொடுத்துப் பார்க்கவும் வழியில்லாமல் போகும். அரிப்பு குறைந்தது சாப்பாட்டாலா ஊசியாலா என்று யார் சொல்வது?

சுரண்டியதில் இல்லை என்றால் இல்லை என்று நினைப்பது

டெமோடெக்ஸ் தேடினால் பெரும்பாலும் அகப்படும். சார்காப்டிஸ் என்ற வேறொரு சிற்றுண்ணியால் வரும் சிரங்கு அப்படியில்லை, பல இடத்தில் சுரண்டியும் கையில் சிக்காது. காது மடல் ஓரமும் முழங்கை முட்டியும் தடித்துப் பொருக்கு கட்டியிருக்கிறதா பாருங்கள். காது ஓரத்தை விரலால் தேய்த்தால் அந்தப் பக்கப் பின்னங்கால் காற்றிலேயே சொறியும். வீட்டில் யாருக்காவது கையிலோ வயிற்றிலோ அரிக்கிறதா என்று கேளுங்கள். இத்தனையும் சேர்ந்தால், உண்ணியைக் காணாவிட்டாலும் மருந்து கொடுக்க வேண்டியதுதான்.

வட்டமாக இருந்தாலே படை

நாயில் பெரும்பாலும் அது பாக்டீரியா. கொப்புளம் உடைந்து ஓரம் வட்டமாக உரிந்து நிற்கும். சில்லை ஒற்றி, சாயம் போட்டுப் பாருங்கள். பூனைக்குட்டி என்றால் படையைச் சந்தேகிப்பது சரி. புற ஊதா விளக்கில் முடி பச்சையாக ஒளிர்ந்தால் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. ஒளிராவிட்டால் படை இல்லை என்று அர்த்தமில்லை.

வயிற்றுச் சிவப்புப் புள்ளி எல்லாம் அலர்ஜி

கண்ணாடிச் சில்லால் புள்ளியை அழுத்துங்கள். வெளுத்தால் அழற்சி. வெளுக்காவிட்டால் தோலுக்கடியில் ரத்தக் கசிவு. உடனே ரத்தம் எடுத்துத் தட்டணுக்களை எண்ணச் சொல்லுங்கள். நம் ஊரில் அது பல தடவை, ரத்தம் குடிக்கும் பெரிய உண்ணி பரப்பும் உண்ணிக் காய்ச்சலில் போய் முடியும்.

சேற்றுப்புண் களிம்பு

நடவு நேரத்தில் வயலைச் சுற்றும் நாய்க்குப் பாதம் புண்ணானால், மனிதருக்கு வாங்கிய களிம்பையே தடவுகிறார்கள். ஈர மண்ணிலிருந்து கொக்கிப்புழுவின் இளம்புழு பாதத்தைத் துளைத்து ஏறினாலும் அதே சிவப்பு, அதே வீக்கம்தான். மலத்தையும் ஒருமுறை பாருங்கள்.

குளிப்பாட்டிவிட்டு அழைத்து வருவது

வேண்டாம். அழுக்கோடு வாருங்கள்.

மஞ்சள், வேப்பெண்ணெய் பூசிவிட்டு அழைத்து வருவது

அதுவும் வேண்டாம். சிலர் பூசும் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் விஷம்.

பூனை சொறியவில்லை என்று நம்புவது

பூனை பெரும்பாலும் சொறியாது, நக்கும். அதுவும் யாரும் பார்க்காத நேரத்தில். வயிறு வழுக்கையாக இருந்தால் முடி நுனியை லென்ஸில் பாருங்கள்: முறிந்திருந்தால் நக்கியது, கூர்மையாக இருந்தால் தானாக உதிர்ந்தது. காது ஓரத்திலிருந்து முகம் வரை சாம்பல் நிறப் பொருக்கு ஏறியிருந்தால் நோட்டோட்ரிஸ் என்ற சிற்றுண்ணியால் வரும் சிரங்கு. சுரண்டினால் கொத்தாகக் கிடைக்கும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் சொட்டு மருந்து மிச்சமிருக்கிறதே என்று பூனைக்கு விட்டால் வலிப்பு வந்து செத்தும் போகலாம்.

முடி முளைத்ததும் மருந்தை நிறுத்துவது

டெமோடெக்ஸில் முடி முன்னால் முளைத்துவிடும், உண்ணி அப்புறம்தான் தீரும். ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சுரண்டி, இரண்டு முறையும் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். பாபநாசம் குட்டிக்கு முடி பளபளவென்று வளர்ந்ததும் அந்தம்மா மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டார். சுரண்டிப் பார்த்தேன், இன்னும் இரண்டு உயிரோடு அசைந்துகொண்டிருந்தன. தொடர்ந்து கொடுக்கச் சொன்னேன்.