சேலையின் விலையைக் கேட்பதற்கு முன்

உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாட்டில் 2016-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் பெண்கள் பெருமளவில் பொறுப்புக்கு வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே "அந்தம்மா கட்டியிருக்கிற சேலை எவ்வளவு இருக்கும்?" என்ற கேள்வியும் வந்துவிட்டது. அது நியாயமான கேள்விதானா, அல்லது பெண் என்பதற்காக மட்டும் எழுகிற கேள்வியா என்பதைப் பேசுவதற்கு முன்பே சோதித்துக்கொள்ள முடியும்.

முதலில் பார்க்க வேண்டியது, பணம் யாருடையது என்பது. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சேலையைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை இல்லை. பொதுப்பணம் என்று சந்தேகம் இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும், ஆனால் முறையாகக் கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுச் செய்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மனுவில் "ஏன் வாங்கினார்?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் பதிவேட்டில் இருப்பதை மட்டும்தான் தருவார்கள். ஆகவே, "இந்த நிதியாண்டில் மேயர், துணை மேயர், மண்டலத் தலைவர்கள், உறுப்பினர்கள் எவருக்கேனும் உடை, சால்வை, வரவேற்பு ஆகியவற்றுக்காக மாநகராட்சி நிதியிலிருந்து செலவிட்ட தொகைக்கான ரசீது நகல்கள்" என்று எழுதுங்கள். ஒருவர் பெயரை மட்டும் எழுதாமல் எல்லாரையும் சேர்த்து எழுதும்போதே பாதிப் பாரபட்சம் கழிந்துவிடும். சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்கள் என்றால், படிவம் 26-இல் தாக்கல் செய்த சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கும். நகையின் எடையும் மதிப்பும் அதில் இருக்கும், உடைக்குத் தனிக் கட்டம் கிடையாது. ஆண் வேட்பாளரின் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அடுத்து, மேடையில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆணைப் பாருங்கள். எங்கள் பகுதியில் ஒரு சாலைத் திறப்பு விழாவுக்கு மாமன்ற உறுப்பினர் மயில்கழுத்து நிறப் பட்டு உடுத்தி வந்திருந்தார். எனக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் விழா முடிவதற்குள் அந்தச் சேலைக்கு மூன்று விலை சொல்லிவிட்டார்கள். அருகில் போனபோதுதான், முந்தானைச் சரிகையில் இழை விட்டுப்போன இடத்தை உள்பக்கமாக மடித்து அவர் ஊசி குத்தியிருந்ததைக் கண்டேன். அக்காள் மகள் கல்யாணத்துக்கு எடுத்த சேலை என்றார். அதே மேடையில் கஞ்சி மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி சட்டையில் நான்கு ஆண்கள் இருந்தார்கள். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டி சீக்கிரம் பழுத்துப்போகும்; நாளுக்கு ஒன்று மாற்ற வேண்டும், சலவைக்கும் இஸ்திரிக்கும் தினமும் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கையும் அவர்கள் கைக்கடிகாரங்களின் விலையையும் எவரும் போட்டுப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் நம்மூர்ச் சுங்குடிப் பருத்திச் சேலையைக் கட்டி வந்திருந்தால், பதவிக்குத் தகுந்தபடி உடுத்தத் தெரியவில்லை என்ற பேச்சு வந்திருக்கும் என்பதையும் பல கூட்டங்களில் கேட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்.

சொற்களையும் கவனியுங்கள். ஆண் நன்றாக உடுத்தினால் மிடுக்கு என்கிறோம், பெண் உடுத்தினால் மினுக்கு என்கிறோம். 1921 செப்டம்பர் 22 அன்று இதே மதுரையின் மேலமாசி வீதியில் காந்தி மேலாடையைத் துறந்து முழத்துண்டுக்கு மாறியதை நாம் கொள்கையாகப் படிக்கிறோம், அது சரிதான். மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் பட்ஜெட் வாசிக்கும் நாளிலோ, அவர் சேலை எந்த ஊர் நெசவு என்பது தனிச் செய்தியாகிவிடுகிறது. பெண் தலைவரைப் பற்றி நீங்கள் எழுதிய வாக்கியத்தில் அவர் பெயரை எடுத்துவிட்டு ஓர் ஆணின் பெயரைப் போட்டுப் படியுங்கள். அபத்தமாக ஒலித்தால் அந்த வாக்கியத்தை அனுப்ப வேண்டாம்.

ஆண்களையும் விமர்சிக்கிறார்களே என்பார்கள். உண்மைதான். 2015-இல் பிரதமர் மோடி அணிந்த, பெயர் நெய்த கோட்டு கடுமையாக விமர்சிக்கப்பட்டது. பிறகு அது 4.31 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. ஆனால் அதை வைத்து, ஆண்களிடம் பதவி கொடுத்தால் இப்படித்தான் என்று எவரும் பேசவில்லை. ஜெயலலிதாவின் வீட்டில் 1996-இல் நடந்த சோதனையைப் பற்றிக் கேட்டால் 10,500 சேலைகளையும் 750 ஜோடிச் செருப்புகளையும் யாரும் ஒப்பிப்பார்கள். வழக்கோ 66.65 கோடி ரூபாய்ச் சொத்துக் குவிப்பைப் பற்றியது. அதன் கனம் நிலங்களிலும் கட்டடங்களிலும் இருந்தது. கேட்டே ஆக வேண்டிய அந்தக் கேள்வி சேலைக் கணக்குக்கு அடியில் மறைந்துபோனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

வீட்டில் பெரியவர்கள் பேசும்போது சண்டைக்குப் போக வேண்டியதில்லை. "சித்தப்பா, பக்கத்தில் இருக்கிற தலைவர் சட்டை என்ன விலை இருக்கும்?" என்று பொறுமையாகக் கேளுங்கள், பெரும்பாலும் அவரே யோசித்துப் பேச்சை வார்டுப் பக்கம் திருப்பிவிடுவார். வாட்ஸ்அப் குழுவில் விழாப் படத்தைப் போடுவதானால், பெண்ணின் சேலை மட்டும் தெரியும்படி வெட்டாமல் மேடையில் இருந்த எல்லாரும் தெரியும்படி முழுப் படத்தையும் போட்டு, அதன் கீழே அன்று திறந்த சாலையின் நீளம், ஒப்பந்தத் தொகை, ஒப்பந்தக்காரர் யார் என்ற மூன்றையும் எழுதுங்கள்.